கடைசிப் பந்தி

மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். 12 வருஷமாகப் பெரும்பாடு, அதாவது நிற்காத ரத்தப்போக்கு. ஊரிலிருந்த வைத்தியர்களையெல்லாம் பார்த்தாயிற்று, கையிலிருந்த காசெல்லாம் கரைந்தாயிற்று. வியாதி குறையவில்லை, கூடத்தான் செய்தது என்று மாற்கு கூசாமல் எழுதுகிறார். இதே சம்பவத்தை லூக்காவும் எழுதியிருக்கிறார். லூக்கா ஒரு வைத்தியர் என்பது சபையின் மரபு. அவர் பதிப்பில் ‘யாராலும் குணமாக்க முடியவில்லை’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வைத்தியம் பார்த்ததால் இன்னும் மோசமானாள் என்ற பகுதியை மட்டும் காணோம். சக டாக்டரை நோயாளி முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தொழில் தர்மம் அப்போதே இருந்திருக்கிறது என்று வேதம் படித்தவர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பெண் கூட்டத்துக்குள் புகுந்து ஓர் அங்கியின் ஓரத்தைத் தொட்டாள், குணமானாள். அப்பாயின்ட்மென்ட் இல்லை, பீஸ் இல்லை, ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்ற பேச்சும் இல்லை. அந்தக் கொடுப்பினை இல்லாத மற்ற பெண்களின் பாடுதான் பெரும்பாடு.

ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவ வாக்கியங்களில் ஒன்று இதற்கு வழி சொல்கிறது. மாதப்போக்கை நிறுத்த வேண்டுமா? ரத்தம் உறிஞ்சும் கிண்ணங்களில் ஆகப் பெரியதை எடுத்து மார்பில் கவிழ்த்து வை. கருப்பைக்கும் மார்புக்கும் உள்ளே வழி இருக்கிறது, கீழே போவதை மேலே இழுத்துவிடலாம் என்பது கணக்கு. ஆகப் பெரியது என்பதை வற்புறுத்தியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் மேதை தெரிகிறான். சின்னக் கிண்ணம் வைத்துப் பலிக்கவில்லை என்று எவளாவது வந்து நின்றால் பதில் தயார். ‘சைஸ் பத்தலம்மா.’

நவீன விஞ்ஞானம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1920-இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற டாக்டர். லேசுப்பட்ட ஆள் இல்லை, தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியாவுக்கு அவர் பெயரால் ஒரு சோதனையே இருந்தது. அவர் வீட்டுக்கு வந்த பூக்களை வேலைக்காரப் பெண் தண்ணீரில் வைத்தாள். மறுநாள் பூக்கள் வாடிவிட்டன. விசாரித்ததில் அவளுக்கு அப்போது மாதவிலக்கு. வேறு யாராக இருந்தாலும் பூக்காரனைத் திட்டியிருப்பார்கள். ஷிக், மாதவிலக்கான பெண்ணின் உடம்பிலிருந்து ஒரு விஷம் கசிகிறது என்று கட்டுரை எழுதினார். ‘மெனோடாக்சின்’ என்ற அந்த விஷத்தைத் தேடி எலிகளுக்கெல்லாம் ஊசி போட்டு, அடுத்த சில பத்தாண்டுகளுக்குப் பலர் பிழைப்பு நடத்தினார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் ஊறுகாய் ஜாடியையும் துளசிச் செடியையும் காட்டிச் சொன்னதைத்தான் அவர் ஜெர்மனில் சொன்னார். பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை, ஜெர்மனில் சொன்னால் ஆராய்ச்சி.

இதற்கிடையில் உருப்படியான காரியம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். கோதுமைக்கு ஒன்றுவிட்ட உறவான ரை என்று ஒரு தானியம் ஐரோப்பாவில் விளைகிறது. அதன் கதிரில் கறுப்பாகக் கொம்பு மாதிரி ஒரு பூஞ்சை முளைக்கும். பெயர் எர்காட். ரொட்டியில் அது கலந்து தின்ற ஊர்களில் கைகால் கருகி உதிர்ந்தது, வலிப்பு வந்தது. மருத்துவச்சிகள் அதே பூஞ்சையில் துளி எடுத்துக் கொடுத்துக் கருப்பையை இறுக வைத்தார்கள். 1582-இலேயே லோனிட்சர் என்பவரின் மூலிகைப் புத்தகத்தில் இது வந்துவிட்டது. 1808-இல் நியூயார்க் மாநிலத்து டாக்டர் ஜான் ஸ்டெர்ன்ஸ், பிரசவத்தைத் துரிதப்படுத்தும் பொடி என்று ஒரு கடிதத்தில் ஆண் டாக்டர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். பொடியின் பெருமையாக அவர் சொன்னது என்ன தெரியுமா? இதைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு தன்னை மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்த பிரசவம் அபூர்வமாம். தாயும் சேயும் நலமா என்பது இரண்டாம் பட்சம். டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டாமா?

பொடி பரவியது. குழந்தை வெளியே வருவதற்கு முன்பே கருப்பை இரும்பாக இறுகி, உள்ளேயே மூச்சுத் திணறிச் செத்த குழந்தைகளும் கிழிந்த கருப்பைகளும் எண்ணிக்கையில் ஏறின. 1824-இல் டேவிட் ஹோசாக், இதற்குச் சாவுப் பொடி என்று பெயர் வைப்பதே பொருத்தம், குழந்தை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்குக்கு மட்டும் கொடுங்கள் என்று சீறினார். பதினாறு வருஷத்தில் ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார். மருத்துவ வரலாற்றில் இது எக்ஸ்பிரஸ் வேகம்.

அந்தப் பூஞ்சைக்குள் வேலை செய்யும் சரக்கு எது என்று கண்டுபிடிக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1935-இல் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது ஒருவர் இல்லை, ஒரே நேரத்தில் நான்கு கோஷ்டிகள். லண்டனில் டட்லியும் சாசர் மாயரும் ‘எர்கோமெட்ரின்’ என்றார்கள். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் ‘எர்கோபாசின்’ என்றார்கள். சிகாகோ ‘எர்கோடோசின்’. பால்டிமோர் ‘எர்கோஸ்டெட்ரின்’. எல்லாம் ஒன்றே என்று தெரிந்ததும் சண்டை தீரும் என்று பார்த்தால், அமெரிக்கர்கள் சமாதானத்துக்காக ‘எர்கோநோவின்’ என்று ஐந்தாவதாக ஒரு பெயரைச் சேர்த்தார்கள். பிரசவ அறையில் ஒருத்திக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்குப் பெயர்சூட்டு விழா நடந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டதா பூஞ்சை? ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் கம்பெனியின் ஆல்பர்ட் ஹாஃப்மன் எர்காட் சரக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1938-இல் செய்த இருபத்தைந்தாவது மாற்று ஒன்றுக்கும் உதவாது என்று ஓரம்கட்டப்பட்டது. 1943 ஏப்ரலில் தூசு தட்டி எடுத்து, 19-ஆம் தேதி தானே கொஞ்சம் விழுங்கிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் உலகம் உருகி வழிந்தது, பக்கத்து வீட்டம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தாள். அதுதான் எல்.எஸ்.டி. அதே ஹாஃப்மனின் அதே மேசையில் அதே குடும்பத்திலிருந்து வந்த இன்னொரு பிள்ளை மெதர்ஜின். நம் ஊர்ப் பிரசவ வார்டுகளில் நர்சம்மா ‘மெதர்ஜின் போட்டாச்சா?’ என்று கேட்பாரே, அதுவேதான். ஒரு பிள்ளை ஹிப்பிகளோடு போய்ச் சீரழிந்தது. ஒரு பிள்ளை அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

மெதர்ஜினும் ஆக்ஸிடோசினும் கருப்பைத் தசையை இறுக்கி ரத்தக்குழாய்களை நெரிக்கும். இது ஒரு வழி. உடம்புக்கு இன்னொரு வழியும் உண்டு. காயம் பட்ட இடத்தில் ஃபைப்ரின் என்ற இழைகள் பின்னி ரத்தம் உறையும். உறைந்தது அப்படியே கிடந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், அந்த இழைகளை அரித்துக் கரைக்க பிளாஸ்மின் என்ற நொதியையும் உடம்பு வைத்திருக்கிறது. கருப்பையில் இந்த அரிப்பு வேலை கொஞ்சம் உற்சாகமாகவே நடக்கும். மாதவிலக்கு ரத்தம் பெரும்பாலும் கட்டியாகாமல் ஓடுவது அதனால்தான். ஒருத்திக்கு அளவுக்கு மீறிப் போவதற்கும், பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் கொட்டுவதற்கும், இழை பின்னி முடிப்பதற்குள் பிளாஸ்மின் அரித்துத் தீர்ப்பது ஒரு காரணம். அந்த அரிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால்?

இப்படி யோசித்தவர் உடாகோ ஒகாமோடோ. 1918-இல் ஜப்பானில் பிறந்தவர். முதலில் பல் மருத்துவம் படிக்கப் போனார். பேராசிரியர் ஒருவர் ‘உனக்கு எதற்கம்மா பல்லு?’ என்கிற தோரணையில் மருத்துவத்துக்கு மாற்றிவிட்டார். 1941 டிசம்பரில் டோக்கியோவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம். பட்டம் வாங்கிய அதே மாதம் அவர் நாடு பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது. வேலை தேடத் தோதான காலம் என்று சொல்ல முடியாது.

சிறுமூளை ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1945-இல் கேயோ பல்கலைக்கழகத்துக்கு மாறி, கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார். டோக்கியோ தரைமட்டம். ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை, ரசாயனம் இல்லை, பணம் இல்லை. எதை ஆராய்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் கலந்து பேசி, ரத்தத்தை ஆராயலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை எந்த நிதிநல்கைக் குழுவும் மறுக்க முடியாது. ரத்தம் தீர்ந்துபோனால் சொந்த ரத்தத்தை எடுத்துக்கொள்ளலாமே!

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் உடாகோ மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றார். பிள்ளை அழாமல் இருந்தது அதிர்ஷ்டம், அழுதிருந்தால் வேலையை விட்டிருப்பேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். மருத்துவ வரலாற்றில் அந்தக் கைக்குழந்தையின் பங்களிப்பு இன்னும் முறையாகப் பதிவாகவில்லை.

மாநாட்டு அனுபவங்கள் தனிக் கதை. ஒருமுறை குழந்தை மருத்துவ மாநாட்டுக்கு இன்னொரு பெண்ணோடு போனார். இது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இடம் இல்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடி படியுங்கள். குழந்தை மருத்துவ மாநாடு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடமில்லை. தன் ஆராய்ச்சியை முதன்முதலாக மேடையில் வாசிக்க எழுந்தபோது, கூட்டத்திலிருந்த ஆண்கள் ‘என்ன, எங்களுக்கு டான்ஸ் ஆடிக் காட்டப் போகிறாயா?’ என்று கூச்சல் போட்டார்கள். ஆடவில்லை. ரத்தம் கரையாமல் தடுப்பது எப்படி என்று வாசித்துவிட்டு இறங்கினார்.

வழி இதுதான். கரைக்க வரும் நொதி, ஃபைப்ரின் இழையில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் பற்றும். லைசின் சாயலில் வேறொன்றை அனுப்பினால்? நொதி அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து நிற்கும், இழை தப்பிக்கும். சுத்தமான ஆள்மாறாட்டம். 1950-களில் அவர்கள் பிடித்த முதல் போலி ஆள், எப்சிலான் அமினோ கேப்ரோயிக் அமிலம். இந்த மூலக்கூற்றைத் திரும்பத் திரும்பக் கோத்தால் நைலான்-6 வரும். நம் அம்மாக்கள் கட்டிய நைலான் புடவையின் பங்காளி. வேலை செய்தது, ஆனால் நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. விடாமல் தேடி 1962-இல் கேயோ மருத்துவ இதழில் அடுத்ததை வெளியிட்டார்கள். பழையதைவிட 27 மடங்கு வீரியம். அதுதான் டிரானெக்ஸாமிக் அமிலம்.

பிரசவ ரத்தப்போக்கில் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் உடாகோவின் ஆசை. மருந்தோடு கோபே நகர மகப்பேறு டாக்டர்களிடம் போனார். சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். அவர்களுக்கு அக்கறை இல்லை. கல்யாண வீட்டில் விடிய விடியக் காய் நறுக்கியவள் கடைசிப் பந்தியில் உட்காருவாள், அவள் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்து ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த மருந்தும் அப்படித்தான் பரிமாறப்பட்டது. யார் யாரெல்லாம் முந்தி உட்கார்ந்தார்கள் என்று பார்க்கலாம்.

ஸ்வீடன்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. காபி என்ற கம்பெனி இந்த மருந்தை எடுத்துக்கொண்டு 1960-களின் கடைசியிலேயே பெரும்பாடுள்ள பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குமுன் ஒரு காரியம் செய்தார்கள், அளந்து பார்த்தார்கள். யோசித்தால் எவ்வளவு சின்ன விஷயம்! அதுவரை ‘ரொம்பப் போகுதா?’ ‘ஆமாங்க’ என்பதுதான் உலகம் முழுக்க அளவுகோல். கோதன்பர்க் நகரத்தில் ஹால்பெர்கும் கூட்டாளிகளும் பெண்களின் நாப்கின்களை வாங்கி, காரத்தில் ஊறவைத்து, கரைந்து வந்த ரத்தத்தைக் கணக்கிட்டார்கள். 476 பெண்கள். முடிவு 1966-இல் வெளியானது. சராசரி மாதத்துக்கு நாற்பது மில்லிக்குப் பக்கம், 80-ஐத் தாண்டினால் சோகை பிடிக்கும், அது அதிகம். ரத்தம் பார்த்து மயங்கி விழாத ஆராய்ச்சியாளர்களுக்கும், பயன்படுத்திய நாப்கினை மூட்டை கட்டி அனுப்பி வைத்த அந்த 476 பேருக்கும் ஒரு கும்பிடு.

அமெரிக்கப் பந்தியைப் பாருங்கள். 1986-இல் அங்கே அனுமதி கிடைத்தது. யாருக்கு? ஹீமோஃபிலியா உள்ளவர்கள் பல் பிடுங்கிக்கொள்ளும்போது ரத்தம் நிற்பதற்கு. ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் வியாதி. பல் மருத்துவம் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவரின் மருந்து, கடல் தாண்டிப் போய் முதல் வேலையாகப் பல் டாக்டர் நாற்காலியில்தான் உட்கார்ந்தது. மாதவிலக்குக்கான மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2009 நவம்பரில். இடையில் 23 வருஷம். அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் இணையத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து, கைபேசியை ஆளுக்கொன்றாக்கி, இரண்டு முறை ஈராக்கோடு போருக்கும் போய்விட்டார்கள்.

ஜப்பானில் வேறு கூத்து. தோல் தடிப்புக்காக இதைக் கொடுத்தபோது ஒருவரின் முகத்திலிருந்த மங்கு வெளுத்ததை டாக்டர் கவனித்தார், 1979-இல் அது கட்டுரையாயிற்று. அவ்வளவுதான். முகம் வெளுக்கிறதா! பிரசவ ரத்தத்துக்குச் சோதித்துப் பார்க்க நேரமில்லாதவர்கள் க்ரீமில் போட்டார்கள், மங்கு மாத்திரையாகப் போட்டார்கள். தொண்டை வலி மாத்திரையில் சேர்த்தார்கள். ஈறில் ரத்தம் வராமலிருக்கப் பற்பசையிலும் கலந்தார்கள். நம் ஊரிலும் சீரம் என்று குட்டி பாட்டிலில் இதே அமிலம் ஆன்லைனில் விற்பனையாகிறது. வாங்குகிற பெண்ணுக்கு அது மங்குக்கான சரக்கு, அவ்வளவே.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மருந்து இருந்தது, எழுதிக் கொடுக்கத்தான் கை வரவில்லை. 1996-இல் டப்ளினில் பானரும் ஷெப்பர்டும் மூன்று மருந்துகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தப்போக்கை 54 சதவீதம் குறைத்தது. மெஃபனாமிக் அமிலம் 20 சதவீதம். அதுவரை நம்பிக் கொடுத்துவந்த எதாம்சிலேட் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. எதாம்சிலேட் மனம் தளரவில்லை. இந்தியாவுக்கு வந்து, டிரானெக்ஸாமிக் அமிலத்தோடு ஒரே மாத்திரையில் ஜோடி சேர்ந்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறது. தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவன் தோளில் கைபோட்டு குரூப் போட்டோவில் நிற்பவனை நாம் பார்த்ததில்லையா?

மாத்திரைக்கு வழியிருந்தும் கத்திக்குத்தான் அவசரம். ‘உங்களுக்கு ரெண்டு குழந்தைங்க இருக்காங்கள்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா, தொல்லை விட்டுது’ என்ற வசனத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. டான்சில் எடுப்பதற்குக்கூட இதைவிட அதிகம் யோசிப்பார்கள். கட்டி, புற்று, வேறு காரணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அது வேறு. வெறும் அதிகப் போக்குக்கு, போக்கு இருக்கும் நாட்களில் மட்டும், தினம் மூன்று வேளை ஒரு கிராம், நான்கைந்து நாள் போட்டுப் பார்க்கக்கூடிய மாத்திரை ஒன்று உண்டு என்பது அந்த வசனத்தில் வராது. (திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாள் தள்ளிப்போடப் போடுகிறார்களே, அது ஹார்மோன் மாத்திரை. இது நாளைத் தள்ளாது, அளவை மட்டும் குறைக்கும். கால் நரம்பில் ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.)

அறுவை சிகிச்சைப் பந்தியில் தலைவாழை இலை இதயத்துக்கு. அங்கே ஏற்கெனவே ஒரு பணக்கார விருந்தாளி உட்கார்ந்திருந்தார். பெயர் அப்ரோடினின். மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பது, பேயர் கம்பெனி சரக்கு, ஒரு நோயாளிக்கு ஆயிரம் டாலருக்கு மேல். டிரானெக்ஸாமிக் அமிலம் காப்புரிமை காலாவதியான ஏழை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கனடாவில் இரண்டையும் பழைய கேப்ரோயிக் அமிலத்தையும் சேர்த்து, ஆபத்து அதிகமுள்ள இதய அறுவை நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். அப்ரோடினின் கொடுத்தவர்களில் சாவு அதிகம் என்று தெரிந்து 2007-இல் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அதே வருஷம் அப்ரோடினின் சந்தையிலிருந்து எழுந்து போனது. காலியான இலையில் ஏழை உட்கார்ந்தான். இன்று மூட்டு மாற்று அறுவையில் இதைப் போடாத டாக்டரைத் தேடத்தான் வேண்டும். 2022-இல் இதயம் அல்லாத அறுவைகளில் 9,535 பேரிடம் பார்த்தபோது, கடும் ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது.

அடுத்து விபத்து. லண்டனில் இயன் ராபர்ட்ஸ் என்ற பேராசிரியர். 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர். அடிபட்டு ரத்தம் ஒழுக வருகிறவர்களுக்கு ஒரு கிராம் உடனே, இன்னொரு கிராம் எட்டு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. 2010-இல் முடிவு வந்தது. சாவு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. ஒன்றரை சதவீதம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர், அந்த ஒன்றரையில் தன் மச்சான் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த வருஷமே உலகச் சுகாதார நிறுவனம், விபத்துக் காயத்துக்கு இது வேண்டும் என்று அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ டாக்டர்கள் ஏற்கெனவே போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆகக் கணக்கைப் பாருங்கள். பல் முடிந்தது, முகம் முடிந்தது, தொண்டையும் ஈறும் முடிந்தன, இதயம், முழங்கால், மோட்டார் சைக்கிள், சிப்பாய் எல்லாரும் கை கழுவியாயிற்று. பிள்ளை பெற்றவள் இன்னும் சமையல்கட்டில் நின்றுகொண்டிருக்கிறாள்.

ராபர்ட்ஸ்தான் கோபேவுக்குப் போய் உடாகோவைப் பார்த்தார். பாட்டிக்கு அப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பிரசவ ரத்தப்போக்கில் பெரிய ஆய்வு நடத்துகிறோம் என்று சொன்னதற்கு, ஆய்வு செய்து பார்க்காமலேயே பலிக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் பதில் வந்தது. ஐம்பது வருஷம் காத்திருந்த மாமியார், மருமகள் வைத்த ரசத்தை ருசி பார்க்காமலே உப்புச் சரி என்று சொல்லும் அதே நிதானம்.

ஆய்வின் பெயர் உமன். 21 நாடுகள், 193 மருத்துவமனைகள், 20,060 பெண்கள். பாகிஸ்தான், நைஜீரியா, வங்கதேசம், நேபாளம் எல்லாம் உண்டு. 2017-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ரத்தப்போக்கால் சாவு 1.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் 1.7-லிருந்து 1.2. பயந்தபடி கண்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்வதும் கூடவில்லை. அந்த வருஷமே உலகச் சுகாதார நிறுவனம், மூன்று மணி நேரத்துக்குள் போடுங்கள் என்று விதியைத் திருத்தியது. உடாகோ 2016 ஏப்ரலில், 98 வயதில், முடிவு வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார்.

இது சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் கிண்ணம் கவிழ்த்தவர் கட்சியாகிவிடுவேன். வயிற்றிலும் குடலிலும் ரத்தம் கசிகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 2020-இல் பலன் இல்லை என்று தெரிந்தது, நாளங்களில் ரத்தக் கட்டி வேறு கூடியது. சோகையுள்ள பெண்களுக்குப் பிரசவமானவுடன், போக்கு தொடங்கும் முன்பே கொடுத்தால் தடுக்குமா என்று 15,000 பேரிடம் பார்த்தார்கள். தடுக்கவில்லை. ரத்தம் கொட்ட ஆரம்பித்த பிறகு, சீக்கிரம் கொடுத்தால் வேலை செய்கிறது. பதினைந்து நிமிடம் தாமதித்தால் பலனில் பத்து சதவீதம் போச்சு, மூன்று மணி நேரத்துக்குப் பின் ஒன்றுமில்லை.

பதினைந்து நிமிடம் எங்கே போகிறது என்று பிரசவ வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். இந்த ஊசியை நரம்பில், பத்து நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். ரத்தம் வடிந்தவளுக்கு நரம்பு சுருங்கிக் கிடக்கும், நாலு இடத்தில் குத்தியும் அகப்படாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடு இரவில் நரம்பு தேட டாக்டரும் இருக்க மாட்டார். அதனால் ‘ஐ’ம் உமன்’ என்று அடுத்த ஆய்வைத் தொடங்கினார்கள். நரம்பு வேண்டாம், தசையில் போடலாமா என்று. தசையில் போட்டாலும் கால்மணி நேரத்துக்குள் ரத்தத்தில் வேண்டிய அளவு ஏறிவிடுவதை முந்தைய சிறு ஆய்வுகள் காட்டிவிட்டன. நர்சம்மாவே போட்டுவிடலாம். மருந்து பத்து மில்லி என்பதால் ஒரே இடத்தில் செலுத்த முடியாது, தொடையில் இரண்டு ஊசியாகக் குத்த வேண்டும். வலிக்கும்தான். அப்போதுதான் பிள்ளை பெற்று முடித்தவளிடம் போய் அதற்கு மன்னிப்புக் கேட்கிற டாக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.